நஸ்மியா கொடுத்த கொழுப்பு

என் மச்சானுக்கு ஸலாம்.

புண் மூடிக்கொண்டு வருகிறது என்று கொழும்பு ஆஸ்பத்திரியில் உங்களோடு இருக்கும் உம்மா சொன்னார். அல்ஹம்துலில்லாஹ். வாவியில் மட்டி ஓடு வெட்டிய அந்தக் குதிகாலை மாதக்கணக்காகக் கழுவிக் கட்டியவள் நான். இப்போது காத்தான்குடி முழுக்க, "நஸ்மியாதான் காலக் காப்பாத்தினா" என்கிறார்கள். உங்களுக்கு முதலில் பேசி வைத்திருந்த மச்சி அல்லவா, பெருமைக்குக் கேட்க வேண்டுமா?

ஆறாத புண்ணுக்கு ஆள் கொழுப்பிலிருந்து சாறு எடுத்து ஊசி போட வேண்டும் என்றதும், நானும்தான் ஆஸ்பத்திரியில் வயிற்றைக் காட்டினேன். டொக்டர் கிள்ளிப் பார்த்துவிட்டு, "உங்களிலயும் உங்கட மாப்பிள்ளையிலயும் எடுக்கக் கொழுப்பு இல்ல" என்றார். நஸ்மியாவிடம்தான் எடுத்தார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அத அரைச்சு வடிச்சுடுவம். அவங்கட உயிரணு ஒண்டும் இருக்காது, தெளிஞ்ச சாறு மட்டும்தான் புண்ணுக்குள்ள போகும்" என்று ஆறுதல் சொன்னார்.

அவளுடையது ஒன்றுமே இல்லாத சாற்றிலா புதுத் தோல் வளர்கிறது?

நேற்று வந்து, "மச்சான் நடக்கிறாரா?" என்று கேட்டாள். தேத்தண்ணி கொடுத்தேன். சீனி போடவில்லை.

மற்றக் காலைக் கவனமாக வைத்திருங்கள். அதற்கும் ஏதாவது வந்தால் யாரிடமும் கேட்கக் கூடாதென்று, நான் தினமும் இரண்டாம் தரமும் சோறு போட்டுத் தின்கிறேன்.

உங்கள் மெலிந்த பெண்சாதி