பக்கத்து இருக்கையின் விளக்கு

அன்பு மகளே,

மூன்று வருடம் பேசாமல் இருந்துவிட்டு, "ஓட்ட ஜாலியா, நடுவழியில காலை வாராத சின்ன கார் ஒண்ணு பழசுல பாருங்க" என்று ஒரு வரி அனுப்பினாய். நலமா என்றுகூடக் கேட்கவில்லை. போகட்டும், ஏழு கார் பார்த்தேன்.

வெள்ளைக் கார் உனக்கு. விடியற்காலையில் விற்பவரிடம் சொல்லாமல் போய்ப் பார்த்தேன். ஆறிக் கிடந்த இன்ஜின் ஒரே திருப்பில் எழுந்தது. கியர் சொன்ன பேச்சைக் கேட்கிறது. வளைவுகளில் உனக்குச் சிரிப்பு வரும்.

சிவப்புக் காரில் நான் தனியாகத்தான் ஏறினேன். பக்கத்தில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் எரிகிற விளக்கு எரிந்தது. மணியும் அடித்தது.

"காலி சீட்டுக்கு ஏன்யா கத்துது?"

"அதுக்கும் பேச ஆள் வேணும்ல பெரியவரே," என்று சிரித்தார் தரகர்.

வண்டி வேலையை நானாகக் கற்றவன் நான், விடுவேனா? இறங்கி நின்று, அந்த இருக்கையில் கருவிப்பெட்டியை வைத்தேன், எரிந்தது. எடுத்தேன், அணைந்தது. பழுதே இல்லை. நான் ஓட்ட உட்கார்ந்தால் மட்டும் மறுபடி எரிகிறது.

விபத்தன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அம்மா, "கழுத்த அறுக்குது" என்று பெல்ட்டைத் தள்ளிவிட்டாள். நான் வற்புறுத்தியிருந்தால் பிழைத்திருப்பாள் என்கிறாய். அவள் யார் பேச்சைக் கேட்டாள்? இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் சிவப்புக் காரின் காலி இருக்கையைப் பார்த்து, "போட்டுக்கோ" என்று சொல்லி, அந்தப் பெல்ட்டை இழுத்து மாட்டினேன். மணி நின்றது. பெல்ட் இருக்கையில் படியவில்லை. ஒரு சாண் முன்னால் விறைப்பாக நின்றது.

சிவப்புக் காரை நான் வாங்கிவிட்டேன். நீ வந்தால் பின்னால் உட்கார்.

அப்பா