ஜெ.வின் வெள்ளை மலை

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே புழுக்கம். காற்று எழவில்லை, பசையும் காயவில்லை.

புதுப் புத்தகத்தில் மீதமுள்ளவை: நண்டின் வலக் கொடுக்கு. உப்பு அம்பாரத்தின் பின்தாங்கி (சாயாமல் நிற்கப் பின்னால் ஒட்டும் மடிப்பு). முகப்பில் என் பெயர் (சிறியதாக, ஆனால் தெளிவாக).

தேவாலயத்தின் பங்குப் பள்ளியில், மழலையர் வகுப்பில் பாட்டு வேளையை இதுநாள்வரை நானே நடத்தி வந்தேன். பதவியின் பெயர் உதவியாளர், பொருட்படுத்தியதில்லை. பக்கத்தைத் திறந்தவுடன் படம் எழுந்து நிற்கும் புத்தகங்களை, எவரிடமும் பயிலாமல், பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி மடித்து நானே ஆக்கினேன். ‘எழுபடம்’ என்று பெயரும் சூட்டினேன். பாட்டுகளும் என்னுடையவையே.

இவ்வாண்டு ஆசிரியையாக வந்திருப்பவள் ஜெனிபர். என் கொழுந்தனின் மனைவி. பட்டம் பெற்றவள். இனி ஜெ. என்றே எழுதுவேன், முழுப் பெயருக்கு மை செலவிடுவானேன்.

ஜூன் 10
ஜெ. சென்னையிலிருந்து ஒரு புத்தகம் வரவழைத்திருக்கிறாள். ஆங்கிலப் பாட்டுகள்.

“அக்கா, பாப்-அப் புக் பாத்திருக்கீங்களா? செமயா இருக்குது!”

அக்கா கண்டிராத பொருள் போலும்.

பார்த்தேன். நேர்மையாகப் பதிவு செய்கிறேன். கோட்டை, நான்கு அடுக்கு. காற்றாலை, சுழல்கிறது. வாத்து, வாயைத் திறக்கிறது. மடிப்பில் ஒரு பிசிறு இல்லை.

பிள்ளைகள் மொய்த்தனர். என் மகள் மெர்சி முதல் வரிசையில்கூட இல்லை, ஜெ.வின் மடியில். மடியில்!

மதியம் உணவு வேண்டாமென்றேன். வஞ்சிரம் என்றார் கணவர். பிறகு உண்டேன்.

மாலை, தலைமையாசிரியை சிஸ்டரின் அறிவிப்பு: “வெள்ளிக்கெழம ரெண்டு பேரும் பண்ணிக் காட்டுங்க. பசங்க யாருகிட்ட ஒட்டிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் ரைம்ஸ் பீரியட்.”

ஜூன் 11
வெயில் கடுமை. ஜெ. கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். வெள்ளை மலை ஒன்று எழுந்தது.

“இது என்ன, சொல்லுங்க?”

வகுப்பு முழுவதும் ஒரே குரலில்: “உப்பு!”

“இல்லடா, ஸ்னோ. பனி. ஜில்லுனு இருக்கும்.”

“உப்புதான் மிஸ்! எங்கம்மா தெனம் உப்பளத்துல வார்றாங்க!”

“கீத்து போட்டு மூடல மிஸ். மழ வந்தா கரைஞ்சிடும்!”

ஜெ.வின் முகம் கன்றியது. நான் கரும்பலகையைத் துடைத்தேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. மனத்தில் எழுந்ததை மகிழ்ச்சி என்று எழுதினால் குறைத்து எழுதியதாகும்.

ஜூன் 12
காற்று வந்தது. பசை காய்ந்தது.

ஜெ. ஒரு வாளி நிறைய ஐஸ் கொண்டுவந்தாள். பக்கத்து ஊரான அனுமந்தையில் மீன் பெட்டிக்குப் போடுவது. நொறுக்கி, ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையிலும் வைத்தாள். “இதான் பனி. மலை முழுக்க இப்படியே இருக்கும்!” ஒரே கூச்சல், குதிப்பு. வகுப்பறை முழுவதும் மீன் வாடை. முகம் சுளித்தவள் நான் ஒருத்தியே.

வாங்க வேண்டியவை: மெர்சிக்கு ரிப்பன், துவரம்பருப்பு.

ஜூன் 13, வெள்ளி
முதலில் நான். நண்டு எழுந்தது, கைதட்டல். பிறகு அம்பாரம். இதுவரை நான் செய்தவற்றுள் உயர்ந்தது. பாடினேன்:

வெள்ளை வெள்ளை அம்பாரம்
வெயில் தந்த அம்பாரம்
அள்ளி அள்ளிக் குவிக்கலாம்
ஆளுக்கொரு கூடையாம்

“இது என்ன?”

மெர்சி எழுந்து நின்றாள். என் மெர்சி. “பனி!”

அவ்வளவுதான். “பனி! பனி! ஸ்னோ!”

வெயில் தந்தது என்றல்லவா பாடினேன்? வெயில் பனி தருமா? சிஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

“ஜெனி சித்திதான் சொல்லிக் குடுத்தாங்க” என்றாள் மெர்சி, வீடு திரும்பும் வழியில். சாலையின் இருபுறமும் அம்பாரங்கள். ஒன்றையும் அவளுக்குச் சுட்டிக் காட்டவில்லை.

ஜெ.வின் முறையில் பிள்ளைகள் அவளிடமே ஒட்டிக்கொண்டனர். பாட்டு வேளை ஜெ.வுக்கு.

ஜூன் 14, சனி
மேகமூட்டம். தலைவலி.

ஜெ. வந்தாள், கையில் பாலிதீன் பை. வெற்றிக் களிப்பில் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் வெள்ளை மலை அடியோடு கிழிந்துவிட்டதாம்.

“நா ஒட்டிப் பாத்தேங்க்கா. நிக்கவே மாட்டேங்குது. உங்களால மட்டும்தான் முடியும்.” சற்று நின்று, “எப்படிக்கா இதெல்லாம் தானாவே கத்துக்கிட்டீங்க?”

“வச்சிட்டுப் போ.”

கேள்வி நல்ல கேள்வி.

அவள் சென்றபின் பிரித்துப் பார்த்தேன். மலைக்குப் பின்னால் இருந்தது என் பின்தாங்கி. அதே மடிப்பு, அதே சாய்வு. அயல்நாட்டார் கண்டதை நானும் கண்டிருக்கிறேன், தனியாக, இந்தச் சமையலறையில்.

கெட்டி அட்டை தேவைப்பட்டது. பெட்டியில் மிகக் கெட்டியாக இருந்தது ஜெ.வின் கல்யாணப் பத்திரிகை. அதையே வெட்டினேன். மலை முன்னைவிட உறுதியாக நிற்கிறது.

ஒரு துண்டு எஞ்சியது. அதில் ஒரு பெண்ணை வெட்டினேன். தூக்கிச் செருகிய சேலை, தலையில் கூடை, கூடையில் வெள்ளை. மலையடியில், பக்கத்தை முழுவதும் திறந்தால் மட்டும் எழும்படி ஒட்டியிருக்கிறேன்.

திங்களன்று ஜெ. திறக்கட்டும். திறந்து, இது என்ன என்று கேட்கட்டும்.