தரை ஆடும் வீடு

மார்ச் 4

புதுக் குடியிருப்பின் மூன்றாவது மாடி வீட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். பெயிண்ட் வாடை இன்னும் போகவில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது, சமையலறையில் கை நீட்டிய இடமெல்லாம் அலமாரி. எனக்குக் கண்டதுமே பிடித்துவிட்டது. என் வீட்டுக்காரர் எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்கிறார். அச்சகத்து மெஷின்கள் அவர் காதில் பாதியைத் தின்றுவிட்டன. மிச்சமும் சீக்கிரம் போய்விடும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து எல்லாமே என் இஷ்டம்தான்.

மார்ச் 7

தரகர் விடாப்பிடியாக ஒரு பழைய வீட்டுக்கு இழுத்துப்போனார். ஜன்னல் ஒன்று மூடவே மாட்டேன் என்கிறது. மாடி முழுக்கப் பலகைத் தரை, நடந்தால் ஆடுகிறது.

"இத வாங்கினா ஆயுசுக்கும் ரிப்பேர்தான்" என்றான் கூட வந்த அண்ணன். நானும் தலையாட்டினேன்.

இவர் செருப்பைக் கழற்றிவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். கிளம்பலாம் என்று குதிகாலால் தரையில் தட்டினேன். திரும்பினார். இப்போதிருக்கும் வாடகை வீட்டு மாடியிலும் பலகைதான்; அங்கேயும் இப்படித்தான் அவரைக் கூப்பிடுவது. தொண்டை கிழியக் கத்துவதற்கு இது எவ்வளவோ மேல்.

மார்ச் 9

புது வீட்டுக்கே சரி சொல்லியாயிற்று. சனிக்கிழமை ஒப்பந்தம்.

மார்ச் 12

மனசே சரியில்லை.

திரைச்சீலைக்கு அளவெடுக்கப் புது வீட்டுக்குப் போனோம். அவர் ஜன்னலோரம் நின்றிருந்தார். தட்டினேன். திரும்பவில்லை. குதிகால் வலிக்கிற அளவுக்குத் தட்டினேன். வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்து, போய்த் தோளைத் தொட்டேன். தூக்கிவாரிப்போட்டதில் கையிலிருந்த டேப் கீழே விழுந்தது.

"பின்னாடி வந்து நிக்காதன்னு எத்தன தடவ சொல்றது?"

சாவி கொண்டுவந்த பெண் முன்னாலேயே கத்திவிட்டார். பஸ்ஸில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். நான் என்ன தப்பு பண்ணேன்? தொட்டது ஒரு குத்தமா?

மார்ச் 13

காலையில் காபியோடு மாடிக்குப் போனேன். பேசக் கூடாது என்று வைராக்கியம். அவர் திரும்பாமலே சொன்னார்: "கோபம் இன்னும் போகல போல."

எதிரே போய் நின்று, "எப்படித் தெரியும்?" என்றேன்.

"நீ நடக்கிற நடையிலயே தெரியுது. பலகை சொல்லுது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அந்த வீட்டுல?"

"அங்க ஒண்ணும் தெரியல. கல்லுல நிக்கிற மாதிரி இருக்கு. நீ தொட்டாத்தான் நீ இருக்கேன்னே தெரியுது."

"இத ஏங்க முன்னாடியே சொல்லல?"

"உனக்குப் பிடிச்சிருந்தது."

குழாயைத் திறந்து பார்த்தேன், அலமாரியை இழுத்துப் பார்த்தேன். தரையைப் பார்க்கத் தோன்றவில்லையே — நாள் முழுக்க அதைத் தட்டித்தானே அவரோடு பேசுகிறேன்? காபி ஆறிப்போனது. எனக்கு அவர்மேல் கோபம், என்மேல் அதைவிட.

மார்ச் 14

ஒப்பந்தத்துக்குப் போகவில்லை. அண்ணன் போனில் காய்ச்சி எடுத்தான். "தரை ஆடுதுன்னு யாராவது வீடு வாங்குவாங்களா?" நான் வாங்குகிறேன் என்றேன்.

ஜூன் 20

பழைய வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அந்த அலமாரிகளை நினைத்தால் இன்னும் கொஞ்சம் வயிறு எரியத்தான் செய்கிறது.

ஆகஸ்ட் 2

போன வாரம் மிச்சக் காதும் அடங்கிவிட்டது. காதுக்கருவியைத் துடைத்து டப்பாவில் வைத்து மூடினார். நான்தான் அழுதேன்.

இன்று தச்சர் ஜன்னலைச் சரிசெய்ய வந்தார். "தரை ரொம்ப ஆடுதேம்மா. கீழேர்ந்து ரெண்டு முட்டு குடுத்தா அசையாது" என்றார். நான் வாய் திறப்பதற்குள், அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்த இவர், "ஜன்னல மட்டும் பாருங்க" என்றார்.

சாயங்காலம் கடையிலிருந்து வந்து, முடிந்தவரை மெதுவாக மாடியேறினேன். அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த துணிகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு இடம் ஒதுக்கினார்.