கன்மெட்டல் என்று எழுதிய தாள்

ராயபுரம்,
18 நவம்பர் 2024

அன்புள்ள ஜானட் அப்பாவுக்கு,

மரியே வாழ்க. நானும் ஜானட்டும் என் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? நான் பேச ஆரம்பித்தாலே போனை வைத்துவிடுகிறீர்கள் என்பதால் எழுதுகிறேன். கீழ்வீட்டு ரஹீமுன்னிசா அக்கா தன் மகள் பிரசவத்துக்காக மஸ்கட் வருகிறார். அவரிடம் உங்கள் தைலமும் நெத்திலிக் கருவாடும் இந்தக் கடிதமும் கொடுத்திருக்கிறேன். தயவுசெய்து கடைசி வரைக்கும் படியுங்கள்.

மழை பிடித்துக்கொண்டது. படுக்கிற அறையில் பழைய இடத்திலேயே ஒழுகுகிறது. ஜானட் ஆறாம் வகுப்பில் நன்றாகத்தான் படிக்கிறாள். ஆனால் பள்ளிக்கூடத்தில் அவளோடு யாரும் சேர்ந்து சாப்பிடுவதில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

என் தம்பி ஜெரி போய் ஐந்து மாதம் ஆகப்போகிறது. லீவு இல்லை என்று அடக்கத்துக்கு நீங்கள் வரவில்லை. நடந்ததை முழுதாகக் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

மீன்பிடி தடைக்காலம் முடிந்து மூன்றாவது தடவையாகக் கடலுக்குப் போனார்கள். காலை பத்து மணிக்கு எஞ்சின் அறையில் தண்ணீர் ஏறியிருக்கிறது. எஞ்சின் சூடாகாமல் இருக்கக் கடல் தண்ணீரை உள்ளே எடுக்கும் வால்வு, படகின் அடிப்பாகத்தோடு சேரும் இடத்தில் ஒடிந்துவிட்டது. படகு டிரைவர் என்பதால் ஜெரிதான் கீழே இறங்கினான். படகு கவிழ்ந்தபோது மேலே இருந்த மூன்று பேரை அடுத்த படகுக்காரர்கள் தூக்கிவிட்டார்கள். ஜெரியோடு சேர்த்து நான்கு பேர் போய்விட்டார்கள். மூன்றாம் நாள் எண்ணூர் முகத்துவாரத்தில் அவன் ஒதுங்கினான். கழுத்தில் கிடந்த ஜெபமாலையை வைத்துத்தான் அடையாளம் சொன்னேன். அவன் மனைவி கரோலினை முகம் பார்க்க நான் விடவில்லை.

பிழைத்த மூன்று பேரும் ஒன்றையே சொன்னார்கள். தண்ணீர் பீய்ச்சி அடித்தது, ஜெரி கையில் சுத்தியல் இருந்தது. அவ்வளவுதான் அவர்கள் பார்த்தது. விம்கோ நகரிலிருந்து, அந்த வால்வைச் செய்த உங்கள் பழைய கம்பெனி ஆட்கள் வந்து, வால்வு இறுகிக்கொண்டதென்று டிரைவர் சுத்தியலால் அடித்து உடைத்திருக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதையே எல்லோரும் நம்பினார்கள். இறந்தவர்களில் லட்சுமணன் என்ற பையன் குப்பம்மாவுக்கு ஒரே மகன். அந்த அம்மா தினமும் காலையில் வந்து ஒரு கை மண்ணை வாரி கரோலின் வாசலில் வீசும். திட்டாது, அழாது. வீசிவிட்டுப் போய்விடும். கரோலின் வயிற்றில் அப்போது ஆறு மாதம். அவள் அதைக் கூட்டிப் பெருக்குவாள். பக்கத்தில் நின்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்போதே எனக்கு ஒரு விஷயம் தெரியும். அடக்கம் முடிந்த ஐந்தாம் நாள் நீங்கள் போன் செய்தீர்கள். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. பீரோ மேலே பச்சை உறை ஒன்று இருக்கும், பிரிக்காமல் அப்படியே கொளுத்திவிடு என்றீர்கள். கொளுத்திவிட்டேன் என்று சொன்னேன். அது பொய். பிரித்தேன்.

அதில் ஒரே வால்வுக்கு இரண்டு தாள் இருந்தது. ஒரே நம்பர், ஒரே தேதி. ஒன்று நீங்கள் வேலை பார்த்த டெஸ்ட் மெஷின் அடித்துத் தந்தது. செம்பு 59 சதவீதம், துத்தநாகம் 38, மீதி ஈயம். வெள்ளீயம் இல்லவே இல்லை. இன்னொன்று வாங்குகிறவர்களுக்குக் கொடுத்தது. அதில் கன்மெட்டல் என்று எழுதி, செம்பு 85, வெள்ளீயம் 6 என்று போட்டு, கீழே உங்கள் கையெழுத்து. இந்த எண்களுக்கு அப்போது எனக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் ஒன்று பொய் என்பது தெரிந்தது. தெரிந்தும் மூன்று மாதத்துக்கு மேல் அந்த உறையை அரிசி டிரம்முக்கு அடியில் வைத்திருந்தேன். ஜானட்டுக்கு அப்பா வேண்டுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்டோபரில் மெக்கானிக் ஸ்டானிஸ்லாஸ் அண்ணன், கட்டி இழுத்துவந்து போட்டிருந்த அந்தப் படகிலிருந்து எஞ்சினைக் கழற்றப் போனார். அடியில் இருந்த ஓட்டையில் ஒரு மரக்கட்டை இறுக்கி அடித்திருந்ததாம். கட்டையைச் சுற்றி ஜெரியின் சட்டை. அவன் சுத்தியலால் அடித்தது அந்தக் கட்டையைத்தான். வால்வை உடைக்கவில்லை, ஓட்டையை அடைத்திருக்கிறான். அதற்குள் படகில் தண்ணீர் நிறைந்துவிட்டது. ஒடிந்து நின்ற மிச்சத் துண்டை அண்ணன் கரோலின் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கத்தி முனை பட்டதும் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. உள்ளே செக்கச்செவேல் என்று இருந்தது. அவர்தான் எனக்குப் புரியவைத்தார். செம்பும் துத்தநாகமும் சேர்ந்தால் பித்தளை. குழாய்க்கும் குத்துவிளக்குக்கும் அது நல்ல உலோகம்தான். கடல் தண்ணீரிலேயே கிடந்தால் உப்பு அதிலிருக்கும் துத்தநாகத்தைத் தின்றுவிடும், வெறும் செம்பு சக்கையாக நிற்கும். அதனால்தான் படகுக்கு வெள்ளீயம் சேர்த்த கன்மெட்டல் போடுவார்கள். வெள்ளீயம் விலை அதிகம்.

அந்த வால்வை ஜெரி வாங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நம் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தான். பெயிண்ட் உரிந்த இடத்தைக் காட்டி, "இன்னா மாமா, மஞ்சளா கீது?" என்று கேட்டான். நீங்கள் சோற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நான் கையெயுத்து போட்டு கீறேன்ல, எட்த்துகினு போ" என்றீர்கள். அவன் சிரித்துக்கொண்டே எடுத்துப்போனான். அதை மறுபடி மறுபடி யோசித்துப் பார்க்கிறேன். அன்றைக்கு வேண்டாம்டா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் வேலை போயிருக்குமா? போயிருக்கட்டுமே.

ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் துண்டைக் கொண்டுவந்த அன்றே உறையை எடுத்துப்போய்க் கரோலின் கையில் கொடுத்தேன். அவள் இரண்டு தாளையும் படித்தாள். "இத்தினி நாளா உனுக்குத் தெரியுமா அக்கா?" என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு வாரம் கழித்துக் குழந்தை பிறந்தது. ஆண். இன்னும் என்னைப் பார்க்க விடவில்லை.

தாள்களையும் உதிர்ந்த துண்டையும் ஸ்டானிஸ்லாஸ் அண்ணனோடு போய்ப் போலீசில் கொடுத்துவிட்டேன். உங்கள் முதலாளி, தனக்கு எதுவும் தெரியாது, டெஸ்ட் பார்த்தவனே பொய்யாக எழுதிவிட்டு வெளிநாட்டுக்கு ஓடிவிட்டான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். மஸ்கட்டில் உங்களுக்கு வேலை வாங்கித் தந்ததே அவர்தான் என்று சொன்னேன். சாட்சி இருக்கிறதா என்று கேட்டார்கள். நீங்கள்தான் சாட்சி. நீங்கள் வந்து வாயைத் திறக்காவிட்டால் அவர் இன்னும் பித்தளைக்குப் பெயிண்ட் அடித்து விற்றுக்கொண்டேதான் இருப்பார். காசிமேட்டில் இன்னும் எத்தனை படகுக்கு அடியில் உங்கள் கையெழுத்து இருக்கிறது என்று ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் கேட்கிறார். எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

குப்பம்மா இப்போது கரோலின் வாசலுக்குப் போவதில்லை. தினமும் நம் வாசலுக்கு வருகிறது. பள்ளிக்கூடத்தில் ஜானட்டை ஒதுக்குவதும் உங்கள் கையெழுத்தால்தான். நான் கூட்டுகிறேன். சில நாள் ஜானட் எனக்கு முன்னே எழுந்து கூட்டிவிடுகிறாள்.

அம்மாவிடம் மட்டும் யாரும் இதைச் சொல்லவில்லை. காதும் கேட்காது, வெளியேயும் போவதில்லை. தினமும் சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும், ஜெரி ஆன்மாவுக்காக ஒன்று, என் மருமகன் நெல்சன் சுகமாக இருக்க ஒன்று என்று இரண்டு அருள்நிறை மரியே சொல்கிறார். நான் தடுப்பதில்லை. கூடவே உட்கார்ந்து நானும் சொல்கிறேன். அவரிடம் சொல்ல வேண்டியது நான் இல்லை.

விமானத்தில் ஏறும் நாளை மட்டும் ரஹீமுன்னிசா அக்காவிடம் சொல்லிவிடுங்கள். இங்கே இறங்கியதும் உங்களைக் கூட்டிப்போகப் போலீசார் நிற்பார்கள். அதை மறைத்து உங்களை அழைக்க எனக்கு மனம் வரவில்லை. முதலில் அம்மாவைப் பார்க்க விட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன், சரி என்றார்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். தைலத்தை முதுகில் சூடு பறக்கத் தேயுங்கள். அம்மா கேட்கிற மாதிரியே நானும் கேட்டுக்கொள்கிறேன், வழியில் உங்களுக்கு ஒரு ஆபத்தும் வராமல் மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
தேவப்பிரியம்