சும்மா இல்ல சார், காயுது

தோஸ்த்,

முதலில் பிள்ளைகள் சமாச்சாரம். அது இல்லாமல் உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. நீ இல்லை என்பதற்காக இப்போது ஏன் மாற்ற வேண்டும்? சின்ன மகனுடைய பையன் பத்தாவது பாஸ். கணக்கில் அவன் பள்ளிக்கூடத்திலேயே முதல். நர்ஸ் படித்த பேத்திக்கு வேலூரில் வேலை கிடைத்துவிட்டது. வெள்ளை உடுப்பில் அவளைப் பார்த்தால் என் கண்ணே பட்டுவிடும். பெங்களூரில் உன் பேத்தியும் பி.காம். முடித்தாளாம், உன் மகன் போனில் சொன்னான். அவளையும் என் வரிசையில்தான் சேர்த்திருக்கிறேன், சண்டைக்கு வராதே.

பெரிய பேத்தியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அவள் ஆராய்ச்சி படிக்கிறாள். இன்று சாயங்காலம் வாசலில் அவள் செருப்பைக் கழற்றும்போதே சொல்யூஷன் வாசனை அடித்தது. ஷூவின் மேல்தோலை ஒட்டுகிற அதே பசை. நாம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டிய ஆம்பூர் கம்பெனிக்குத்தான் அவள் ஆராய்ச்சிக்காகப் போய் வருகிறாள். அந்த வாசனையோடு உன் கை ஞாபகம் வந்தது, வளையல் சத்தம் வந்தது. முகம் மட்டும் வரவில்லை, தோஸ்த். கொஞ்ச நாளாகவே இப்படித்தான். கண்ணை மூடினால் துப்பட்டா தெரிகிறது, மூக்குத்தி தெரிகிறது, மற்றது நழுவிப் போகிறது. நீ போனதை ஒருவிதமாகத் தாங்கிக்கொண்டேன். இது எனக்குப் பயமாக இருக்கிறது.

அவள் கூடத்தில் ஒரு பெரிய தாளை விரித்து, மின்விசிறிக் காற்றுக்குப் பறக்காமல் மூலைகளில் பருப்பு டப்பாக்களை வைத்தாள். தாள் முழுக்கக் கட்டங்கள். தோல் வெட்டுவது ஒரு கட்டம், ஒட்டுவது ஒரு கட்டம், தைப்பது ஒரு கட்டம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்பு.

"இதுக்கா இம்மாம் படிப்பு?" என்றேன்.

"ஆயா, கழிவுத் தண்ணி சுத்தம் பண்றவங்களும் அவங்க வேலையை இப்படித்தான் வரையுறாங்க. மெஷின் செய்றவங்களும் வரையுறாங்க, பேங்க்ல லோன் குடுக்கறவங்களும் வரையுறாங்க. ஆனா ஆளுக்கொரு பாஷை. ஒருத்தர் படம் இன்னொருத்தருக்குப் புரியாது. எல்லாருக்கும் பொதுவா ஒன்னு அமையுமான்னு தேடுறேன்."

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. நீ உருதுவில் புலம்புவாய், நான் தமிழில் திட்டுவேன். கேட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே மாமியார் கதைதான்.

ஒட்டும் கட்டத்துக்குப் பக்கத்தில் இரண்டு முக்கோணங்கள் இருந்தன. "இது இன்னாம்மா?" என்றேன்.

"காத்திருக்கிறது ஆயா. பசை காயுற வரைக்கும் ஒன்னு, அதை எடுக்க முடியாது. இன்னொன்னு கட்டிங்ல இருந்து வெட்டின தோல் பீஸ் வர்ற வரைக்கும் சும்மா உக்காந்திருக்கிறது. அது வீண். புதுப் படத்துல அதை எடுத்துட்டு, கம்பெனியில காட்டப் போறேன்."

சும்மாவா? சூப்பர்வைசர் வந்து நிற்பாரே, "இன்னா, ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருக்கீங்க?" என்று. மேஜைமேல் ஒரு துண்டுத் தோல் இருக்காது. நீ கொஞ்சமும் சிரிக்காமல் சொல்வாய்:

"சும்மா இல்ல சார், காயுது."

"எது காயுது?"

"எங்க வயிறு சார். டீ டைம் தாண்டிப் போச்சே."

பேத்தியிடம் இதைச் சொல்லும்போது, சிரிப்பை அடக்கிய உன் உதட்டோரம் மட்டும் ஒரு நொடி வந்துபோனது.

நாம் பேசியதெல்லாம் அந்த முக்கோணத்துக்குள்தான், தோஸ்த். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு மறுபடி வேலைக்கு வந்த அன்று, வெகுநேரம் பீஸ் வரவில்லை. நீ என் கையை எடுத்து உன் மடியில் வைத்து, விரலில் பழசாய்ப் படிந்திருந்த பசையைச் சுரண்டிக்கொண்டே இருந்தாய். பீஸ் சீக்கிரம் வந்திருந்தால் நான் எங்கே போய் அழுதிருப்பேன்?

பேத்தி பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். "அப்போ அதை எடுக்க வேணாமா, ஆயா?"

"எடுத்துடு" என்றேன். "காலையில பீஸ் வரலன்னா சாயங்காலம் இருட்டுற வரைக்கும் எங்களை நிறுத்தி வெச்சு வேலை வாங்குவாங்க. பஸ் போய்டும். இங்க உங்கப்பன் வாசல்லயே உக்காந்திருப்பான். இப்ப இருக்கிற பொண்ணுங்க நேரத்தோட வீட்டுக்குப் போவட்டும். இந்தப் பழைய படத்தை மட்டும் எனக்குக் குடுத்துடு."

கொடுத்துவிட்டாள். கம்பெனியில் சோதனைக்கு வாங்கிய கொஞ்சம் சொல்யூஷனும் அவள் பையில் இருந்தது. தாளின் பின்புறம் தடவினேன், பீரோக் கதவிலும் தடவினேன். கை மறக்கவில்லை. உடனே ஒட்டினால் பிடிக்காது என்று உனக்குத் தெரியும். ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இன்னொரு முக்காலியும் போட்டேன்.

இனி அந்த முக்கோணம்தான் என்னிடம் உள்ள உன் படம். ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் எல்லோரையும் நிற்க வைத்து எடுத்த போட்டோவில்கூட நீ துப்பட்டாவை இழுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாய். "அடுத்த வாட்டி, தோஸ்த்" என்றாய். நீ மகனோடு பெங்களூர் போன பிறகும் ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் போட்டோ கேட்டேன். ஒவ்வொரு பதிலிலும் அடுத்த வாட்டி.

இதிலும் கேட்கிறேன். முகம் நன்றாகத் தெரிகிற மாதிரி புதுப் போட்டோ ஒன்று அனுப்பு. அவசரம் இல்லை. நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

இங்கே காய்ந்துகொண்டிருக்கிறது.