லாரி எஞ்சினில் ஊத்தின அடிட்டிவ்

அன்பு மகன் பாசிலுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வோட கிருபையில நானும் உன் அத்தாவும் இங்க பாலக்கரையில சுகமா இருக்கோம். ஓமன்ல அந்த வெயில்ல ட்ரெய்லர் ஓட்டிக்கிட்டிருக்கிற நீயும் சுகமா இருக்கணும்னு ஒவ்வொரு தொழுகையிலயும் கேட்டுக்கிறேன். எதிர்வீட்டு சம்ரீன் மஸ்கட்டுக்குத் திரும்பிப் போறா, அவகிட்ட இந்தக் கடுதாசியும் உனக்குப் பிடிச்ச கருவாடும் கொடுத்து விட்டிருக்கேன், கருவாட்டை உடனே டப்பாவுல போட்டு மூடி வை. போன்லயே சொல்லலாம்தான், ஆனா நீ போன் பண்றப்ப எல்லாம் பக்கத்துல யாராவது இருக்காங்க, இது நிதானமா சொல்ல வேண்டிய விஷயம்.

போன வாரம் நீ அத்தாகிட்ட, இங்க ஒருத்தர் எஞ்சின் ஆயிலோட சேர்த்து ஊத்துற அடிட்டிவ் விக்கிறாரு, ஊத்தினா எஞ்சின் நல்லா உழைக்குமாம், என் வண்டியில ஊத்தலாமான்னு கேட்டே. அத்தா வேணாம்னு ஒரே வார்த்தை சொல்லிட்டு போனை என்கிட்ட கொடுத்துட்டாங்க. உனக்கு வருத்தமா இருந்திருக்கும். அவங்க கோவம் உன் மேல இல்லப்பா, இங்க நடந்தது உனக்குத் தெரியாது.

என் தம்பி ரஹீம் மாமா வேலை பார்த்த பைப் கடையை மூடினது உனக்குத் தெரியும். அதுக்கப்புறம் அவரு இதே மாதிரி ஒரு அடிட்டிவுக்கு ஏஜென்சி எடுத்தாரு. நம்ம லாரி அப்ப ஆயிலை நிறைய குடிச்சுக்கிட்டு நீலமா புகை விட்டுக்கிட்டு இருந்துச்சு, ஆர்டிஓ ஆபீஸ்ல எஃப்சிக்கு வேற காட்டணும், எஞ்சினைப் பிரிச்சா வண்டி பல நாள் நிக்கும். மாமா வந்து, இதை ஊத்துங்க மச்சான், உள்ள இருக்கிற அழுக்கெல்லாம் கரைஞ்சிடும், புகையும் நின்னுடும்னாரு. அத்தாவுக்கு அரை மனசுதான், ஆனா மச்சான் புதுசா தொழில் தொடங்கியிருக்காரு, நாமளே வாங்கலேன்னா எப்படின்னு ஊத்தினாங்க. முதல் ட்ரிப்புல சத்தம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு, மாமாவுக்கு அவ்வளவு சந்தோஷம், ஜிலேபி வாங்கிட்டு வந்தாரு. அடுத்த ட்ரிப்புல அரியலூர்ல சிமெண்ட் ஏத்திக்கிட்டு வரும்போது லால்குடிக்குப் பக்கத்துல ஆயில் பிரஷர் லைட் எரிஞ்சிருக்கு, பிரஷர் காட்டுற முள் அப்படியே கீழ இறங்கிடுச்சு. அத்தா உடனே ஓரங்கட்டி எஞ்சினை ஆஃப் பண்ணிட்டாங்க, அதனாலதான் உள்ள சுத்துற கிராங்க் தப்பிச்சது, இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தா மொத்த எஞ்சினும் போயிருக்கும்.

வண்டியைக் கட்டி இழுத்துட்டு வந்து மெக்கானிக் ரங்கசாமி அடியில ஆயில் நிக்கிற சம்பைக் கழட்டினாரு. நானும் போயிருந்தேன், ரஹீம் மாமாவும் பக்கத்துல நின்னாரு. பல வருஷமா உள்ள படிஞ்சிருந்த கசடு மொத்தமா பேந்து வந்து, ஆயிலை மேல இழுக்கிற குழாயோட சல்லடையைத் தார் பூசின மாதிரி அடைச்சிருந்துச்சு. ரங்கசாமி சொன்னது இதுதான்: நல்ல ஆயில்ல வேண்டியதெல்லாம் கம்பெனிக்காரனே கலந்துதான் அனுப்புறான், மேல ஒண்ணை ஊத்தினா அந்தக் கலப்புதான் கெடும், பழைய எஞ்சின்ல இப்படிக் கசடு பேந்தாலும் ஆபத்து, புகை வர்றது பிஸ்டன் ரிங் தேஞ்சதனால, தேஞ்ச இரும்பை எந்த டப்பாவும் வளர்த்துக் கொடுக்காது. எல்லாமே ஏமாத்துன்னும் அவரு சொல்லல, வண்டிக் கம்பெனி எதைச் சொல்லியிருக்கோ அதை ஊத்துங்க, சொல்லாததை ஊத்தாதீங்கன்னாரு.

அத்தா மாமாவைக் குறை சொல்லாம, செலவு எவ்வளவு ஆகும்னு ரங்கசாமிகிட்ட கேட்டாங்க. மாமா அவசர அவசரமா போனை எடுத்தாரு. என்னன்னு கேட்டேன். ஸ்ரீரங்கத்து சுரேஷ்குமார் லாரியிலயும் இதையே ஊத்தியிருக்கு அக்கா, அது இன்னைக்கு லோடோட கொல்லிமலை ஏறப் போகுதுன்னாரு. அந்த வளைவுகள்ல எஞ்சின் நின்னா என்ன ஆகும்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. போன் அடிச்சு அடிச்சுப் பார்த்தோம், எடுக்கல. மலைக்குப் போறப்ப எல்லாம் அவரு சமயபுரத்துல இறங்கிக் கும்பிட்டுட்டுத்தான் போவாருன்னு அத்தா சொன்னாங்க. அதைக் கேட்டதும் மாமா ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு ஓடினாரு.

லாரி சமயபுரத்துலதான் நின்னிருக்கு. சுரேஷ்குமார் சாமி கும்பிட்டுட்டு வந்து வண்டியில ஏறப் போறப்ப மாமா முன்னால போய் நின்னு, எடுக்காதீங்க, நான் வித்தது தப்பான சரக்குன்னு சொல்லியிருக்காரு. சுரேஷ்குமாருக்கு வந்த கோவத்துல, கோயிலுக்கு வந்தவங்க முன்னாடியே கண்டபடி திட்டியிருக்காரு. மாமா அங்கேயே ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து சம்பைக் கழட்ட வச்சிருக்காரு. அந்தச் சல்லடையும் பாதி அடைஞ்சிருந்துச்சாம். அதைப் பார்த்த பிறகுதான் சுரேஷ்குமார் சத்தம் அடங்கி, மாமாவுக்கும் சேர்த்து டீ வாங்கிக் கொடுத்தாராம்.

அன்னையிலேர்ந்து மாமா தன்கிட்ட வாங்கினவங்க ஒவ்வொருத்தரையும் தேடிப்போய் ஊத்தாதீங்கன்னு சொல்லிட்டு, ஏஜென்சியையும் விட்டுட்டாரு. ஆனா நம்ம வீட்டுப் பக்கமே வரல. திருவானைக்காவல்ல அவரு வீட்டுக்கு நான் போனப்பவும் அறையை விட்டு வெளியே வரல. எனக்கு அழுகையே வந்துடுச்சு. ரிங் எல்லாம் மாத்தி எஞ்சினைப் பூட்டின அன்னைக்கு அத்தா நேரா அங்க போய், மச்சான், நீங்க வராம வண்டியை ஸ்டார்ட் பண்ண மாட்டேன்னு வாசல்லயே நின்னுட்டாங்களாம். மாமா சட்டையை மாட்டிக்கிட்டு வந்தாரு. பிஸ்மி சொல்லி அவரையே சாவியைத் திருப்ப வச்சாங்க. இப்ப மாமா லோடு பிடிக்கிற வேலையில அத்தாவோடயே சுத்துறாரு.

உன் வண்டி புதுசு, வாரண்டி இருக்கு, அதனால உனக்கு அடிட்டிவ் வேண்டவே வேண்டாம். சொன்ன ஆயிலை ஊத்தி, சொன்ன நேரத்துக்கு ஃபில்டரோட மாத்து, பிரஷர் முள் மேல ஒரு கண்ணு வை. அல்லாஹ் உன் கை கால்களுக்கும் நீ ஓட்டுற பாதைக்கும் காவலா இருப்பான். மறக்காம ரஹீம் மாமாவுக்கு ஒரு போன் போடு. எஞ்சின் பேச்சை நீயா எடுக்காதே, அவரா சொன்னா கடைசி வரைக்கும் கேட்டுக்கோ.

துஆவுடன்,
உன் அம்மா ஹாஜிரா