மெல்லிசும் பட்டையும்

12.7.2008, சனி
மாவுக்கட்டு பிரித்து மூன்று வாரம். பால்பாயிண்டை அழுத்தினால் மணிக்கட்டு விண்ணென்று தெறிக்கிறது. கடலூரிலிருந்து பஸ் பிடித்துச் சிதம்பரம் போனேன். கடைசல் இயந்திரத்தில் பேனா செய்து விற்கும் தட்சிணாமூர்த்தி ஒரே மாதிரி இரண்டு இங்க் பேனா எடுத்து வைத்தார். ஒன்று மெல்லிய நிப், ஒன்று பட்டை.

"ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க டீச்சர். எழுதிப் பாருங்க. கைக்கு ஒத்து வராதத திருப்பிக் குடுங்க."

15.7
மெல்லிசில் கோடு பழையபடி வருகிறது, நடுக்கமும் அப்படியே தெரிகிறது. பட்டையில் நடுக்கம் தெரியவில்லை. ஆனால் அது என் கையெழுத்தே இல்லை; யாரோ அதிகாரம் பண்ணுகிறவள் போட்டது.

18.7
சம்பளப் பில்லில் தலைமை ஆசிரியையாக மெல்லிசால் கையெழுத்துப் போட்டுக் கருவூலத்துக்கு அனுப்பினேன்.

22.7
திரும்பி வந்துவிட்டது. கருவூலத்தில் இருக்கும் மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லையாம். எட்டுப் பேர் சம்பளம்.

மாதிரியை மாற்றலாம். அதற்குப் பள்ளி கரஸ்பாண்டென்ட் கோவிந்தசாமி கடிதம் தரவேண்டும். நான் விழுந்த வாரமே, "கை முடியலன்னா வாலண்டரி ரிட்டயர்மெண்ட் வாங்கிக்கங்க மேடம்" என்றவர் அவர். எனக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கிறது.

23.7
பழைய டி.சி. ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெல்லிசால் நாற்பது தடவை எழுதினேன். என் கையெழுத்தை நானே பார்த்துக் காப்பியடிக்கிறேன். இதற்கு என்ன பெயர்?

24.7
ராபர்ட் வந்தார். நாலாம் வகுப்பு எடுப்பவர், எனக்கு அடுத்த சீனியர். "எத்தன பேப்பர வீணாக்குவீங்க? குடுங்கக்கா" என்று மெல்லிசை வாங்கி, ஒரே இழுப்பில் 'பிரிசில்லா' என்று என் கையெழுத்தைப் போட்டார். அச்சு அசல்!

எட்டுக் குடும்பம் என்றார். புதுப் பில்லை நீட்டினேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

29.7
பில் பாஸ். நான் போட்டால் பொய், ராபர்ட் போட்டால் நிஜம். நன்றாகத்தான் இருக்கிறது.

11.8
டி.சி. புத்தகத்தின் அடிக்கட்டையில் ஒரு பையனின் பிறந்த தேதி திருத்தியிருக்கிறது. பக்கத்தில் என் கையெழுத்து. நான் போடவில்லை.

ராபர்ட்டைக் கேட்டேன். "தெரிஞ்சவங்க கேட்டாங்கக்கா. நீங்க கிளாஸ்ல இருந்தீங்க, நானே போட்டுட்டேன். அன்னிக்கு பில்லுல போட்டப்ப ஒண்ணும் சொல்லல?"

ஐயோ, நான் என்னா பண்ணி வச்சிட்டேன்! பயமா இருக்கு.

13.8
கோவிந்தசாமியிடம் போய் எல்லாம் சொன்னேன். டி.சி. விஷயம் மட்டும் சொல்லிவிட்டுப் பில்லை மறைத்திருக்கலாம். வாசல் வரை அப்படித்தான் நினைத்துப் போனேன். கடைசியில் அவர், "மெமோ வரும், ரெண்டு பேருக்கும்" என்றார். மாதிரியை மாற்றக் கடிதமும் தந்தார். ரிட்டயர்மெண்ட் பேச்சை எடுக்கவில்லை; இனி அதற்கு அவசியமில்லை, மெமோவே போதும் என்று நினைத்திருப்பார்.

16.8
சிதம்பரம். மெல்லிசைத் திருப்பிக் கொடுத்தேன். "நல்லா எழுதுமே டீச்சர்?" என்றார் தட்சிணாமூர்த்தி. எழுதும்தான் என்றேன்.

21.8
கருவூலத்தில் புது மாதிரி. பட்டையால் மூன்று கையெழுத்து. மூன்றும் தடியாக, கொஞ்சம் கோணலாக. கிளார்க் வாங்கி வைத்துக்கொண்டார்.

25.8
மெமோ வந்தது. சம்பளப் பில்லில் என் கையெழுத்தை வேறொருவரைப் போடச் சொன்னது உண்மையா என்று கேட்டிருக்கிறார்கள். 'உண்மை. பில்லைக் கொடுத்தது நான்' என்று எழுதிக் கீழே பட்டையால் கையெழுத்துப் போட்டேன். வேலை என்ன ஆகுமோ தெரியாது. இந்தக் கையெழுத்து என்னுடையதில்லை என்று யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.